மாடிக்காரரின் எடை குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். அங்கே அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது முடிந்ததா என்பதையும் எழுதவும். நலம் விசாரிப்பதை இத்துடன் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வருவதற்குள் இதைப் படித்தாக வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் தங்கை ஒரு துணியோடு வந்து பக்கத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறாள். அதைப் போல் சுத்தமான மேசை இந்தத் தெருவிலேயே கிடையாது.

நம் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் நம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்குச் சம்மதம். உங்கள் தங்கைக்கு அவளைவிடச் சம்மதம். "எங்க அண்ணன் வந்து பார்த்து சரின்னு சொல்லிட்டா சரிதான்" என்று பொறுப்பை உங்கள் தலையில் தூக்கி வைத்துவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பையன் இந்தப் பூமியைச் சேர்ந்தவன் இல்லை என்று எனக்குச் சந்தேகம். சிரிக்காதீர்கள் மச்சான். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் நீங்கள். சாட்சியை விசாரிப்பதற்கு முன்னால் சிரிப்பது உங்களுக்கு அழகில்லை. நானும் முப்பத்துநான்கு வருஷம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவன். ஒருவர் சொல்வதை அப்படியே நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

முதலில் அவன் வேலையைப் பாருங்கள். ஊருக்கு வெளியே மேட்டில் பெரிய வட்டத் தட்டு ஒன்றை வானத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதன் கீழே ஒரு அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வேறு உலகத்திலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்பதுதான் வேலை. நாலு வருஷமாகக் கேட்கிறானாம். "என்ன தம்பி கேட்டுச்சு?" என்றேன். "இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல சார்" என்றான், சிரித்த முகத்தோடு. நாலு வருஷம் ஒரு கடையிலும் ஒரு தப்பும் கண்டுபிடிக்காமல் நான் அலுவலகத்துக்குப் போயிருந்தால், கடைக்காரர்களோடு நானும் கூட்டு என்றல்லவா சொல்லியிருப்பார்கள்? வேற்றுக் கிரகத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வேலையில் வேற்றுக் கிரகத்து ஆளே உட்கார்ந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிபடும்? தன் ஆட்களைத் தானே பிடித்துக் கொடுப்பானா? இந்தக் கேள்வியை நான் உங்கள் தங்கையிடம் கேட்டேன். அவள் மேசையைத் துடைக்கப் போய்விட்டாள்.

சரி, தெரியாமல் பேசக் கூடாது என்று நூலகத்துக்குப் போய் இதைப் பற்றிய மூன்று புத்தகங்கள் எடுத்து வந்தேன். இரண்டு வாரம் கண் எரிய எரியப் படித்தேன். நட்சத்திரங்களுக்குக் கணக்கே இல்லையாம், அவற்றைச் சுற்றி வரும் கிரகங்களுக்கும் கணக்கில்லையாம், தண்ணீர் இருக்கிற இடமே எத்தனையோ இருக்குமாம். இத்தனை இருந்தும் ஏன் ஒருவரும் இதுவரை வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டு வந்திருப்பார்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னொரு இடத்தில், நிலாவுக்கு ஒரு தகவல் போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டரை வினாடி ஆகும் என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் இந்தப் பையனிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டேன், சரியாக மூன்று வினாடி. "சாப்பிட்டாச்சா தம்பி?" என்றாலும் மூன்று வினாடி, "மழை வருமா?" என்றாலும் மூன்று வினாடி. சாப்பிட்டோமா இல்லையா என்பதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டரை வினாடி போக வர, மீதி அரை வினாடி அங்கே உட்கார்ந்து முடிவெடுப்பவர்களுக்கு. பெண்ணிடம் சொன்னேன். "எதிர்ல இருக்கறவங்க பேசி முடிச்சுட்டாங்களான்னு பார்த்துட்டுப் பதில் சொல்றார்ப்பா. நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் யாருக்கும் இல்ல, அதான் உங்களுக்கு வித்தியாசமாத் தெரியுது" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம்.

பெண் சொன்ன இன்னொன்றையும் கேளுங்கள். அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள் அல்லவா, வேலை நிமித்தம் இவனும் அங்கே காதைச் சோதித்துக்கொள்ளப் போயிருக்கிறான். பழக்கம் ஆரம்பித்ததே அங்கேதான். மாடியில் குடியிருப்பவன் படியில் இறங்கி வரும்போது பழகாமல், இரண்டு பேருந்து மாறிப் போய் அங்கே பழகியிருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்து, "இவ்வளவு நல்ல காது நான் பார்த்ததே இல்லப்பா, கேட்கவே கேட்காதுன்னு நினைச்ச சத்தமெல்லாம் கேட்டார்" என்று அதிசயமாகச் சொன்னாள். மனிதக் காதுக்குக் கேட்காதது கேட்டால் அது என்ன காது? அதையாவது விடுங்கள். நம் வாசல் அறையில் கடை வைத்திருக்கும் தையல்காரர் அவனுக்குக் கால்சட்டை அளவெடுத்தார். அளவெடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "இருபத்தஞ்சு வருஷமா அளவெடுக்கறேன் சார், எல்லாருக்கும் ஒரு கால் கொஞ்சமாவது கூடக் குறைய இருக்கும். இந்தாளுக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்றார். தொழில் தெரிந்தவர் சொன்ன சொல். நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் முக்கியமான சாட்சியம். நான் ஓய்வு பெற்றபோது, அலுவலகத்தில் கழித்துப் போட்ட மேடைத் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து பழுது பார்த்து முன்கூடத்தில் வைத்தேன், நினைவிருக்கும். ஆள் ஏறி நிற்கும் தட்டு, அதற்கு முன்னால் முழங்கால் உயரத்தில் வட்டமாக முள் ஓடும் முகப்பு. போன தடவை வந்தபோது உங்களையும் ஏற்றினேன், நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். மாடிக்குப் போகும் படி அந்தக் கூடத்தின் வழியாகத்தான். ஆகையால் இந்த வீட்டில் குடியிருப்பவர்கள் தினமும் காலையில் எடை பார்த்துக்கொள்வது வழக்கம் என்று பையனிடம் சொல்லிவைத்தேன். அவன் மூன்று வினாடி யோசித்துவிட்டு "சரி சார்" என்றான். எந்த மனிதனாவது இதற்குச் சரி என்பானா? முதல் நாள் ஐம்பத்தெட்டு கிலோ. ஒரு வாரத்தில் அறுபது. ஒரு மாதத்தில் அறுபத்துமூன்று. இரண்டு மாதத்தில் அறுபத்தைந்தரை. ஆனால் ஆள் அதே ஆள், அதே ஒட்டிய கன்னம், அதே இடுப்பு வார், அதே மூன்றாவது ஓட்டை. தையல்காரரைக் கேட்டேன், இடுப்பளவு அரை விரல்கூடக் கூடவில்லை என்றார். கிரகத்துக்குக் கிரகம் எடை மாறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. லேசான கிரகத்திலிருந்து வந்தவன், நம் பூமியின் இழுப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறான் என்று எழுதிவைத்தேன். உங்கள் பெண்ணோ என் பெண்ணோ இப்படி மாதத்துக்கு மூன்று நாலு கிலோ ஏறினால் டாக்டரிடம் கூட்டிப் போக மாட்டோமா?

அடுத்து, போன செவ்வாய்க்கிழமை. அவன் வேலைக்குப் போயிருந்தான். மாடிக் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்காக, அதாவது அப்படிச் சொல்லிக்கொண்டு, என்னிடமிருந்த சாவியால் அவன் அறையைத் திறந்தேன். அறை துடைத்து வைத்தது போல் இருந்தது. சுவரில் ஒரே ஒரு படம், அதில் வெறும் கறுப்பு வானம். குடும்பத்தோடு எடுத்த படம் எங்கே? மேசைமேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. நான் இருமினேன். அது பச்சையாக மின்னியது. நான் அசையாமல் நின்றேன், அதுவும் அணைந்தது. மறுபடி இருமினேன், மறுபடி மின்னியது. எனக்கு வியர்த்துவிட்டது. இருந்தாலும் அரசாங்க வேலை பார்த்தவன், விசாரணையை விடக் கூடாது என்று "யார் நீ?" என்றேன். மின்னியது. "எங்கேயிருந்து வர்றே?" மின்னியது. "எங்க பெண்ணை எங்கே கொண்டுபோகப் பார்க்கறீங்க?" என்று குரலை உயர்த்தினேன், அதுவும் பளிச்சென்று மின்னியது. அப்போது பின்னாலிருந்து, "யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்று உங்கள் தங்கை கேட்க, அது அவளுக்கும் மின்னியது. பயத்தில் அதைத் தூக்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டேன். பிறகு தெரிந்தது, அது அழைப்பு மணி. நம் பெண்ணிடம் வைத்தியத்துக்கு வரும், காது சுத்தமாகக் கேட்காத ஒரு பெரியவருக்காக, கதவைத் தட்டினால் விளக்கு எரிகிற மாதிரி இவன் உட்கார்ந்து செய்திருக்கிறான். சாயங்காலம் அவனிடம் விஷயத்தைச் சொன்னோம். மூன்று வினாடி நின்றான். "பரவாயில்ல சார், ஈரம் பட்டா என்ன ஆகும்னு நானே பார்க்கணும்னு இருந்தேன்" என்றான். கோபம் வரவில்லை மச்சான். கோபம் வராத ஆளை என்ன சொல்வது?

இப்போது நான் எழுத வேண்டியது எனக்குப் பிடிக்காத பகுதி. ஆனால் விசாரணை என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். வியாழக்கிழமை காலை வழக்கம் போல் அவன் தட்டில் ஏறி நின்றான். நான் வழக்கம் போல் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். உங்கள் தங்கை சமையலறையிலிருந்து வந்தவள், "ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க கால் எங்க இருக்குன்னு பாருங்க" என்றாள். பார்த்தேன். என் வலது கால் தட்டின்மேல் இருந்தது. பெருவிரல் மட்டும் இல்லை, பாதிப் பாதம். மூக்குக்கண்ணாடி பழசாகிவிட்டதால் கிட்டத்தில் குனிய வேண்டியிருக்கிறது. குனியும்போது தடுமாறாமல் இருக்க அங்கே ஊன்றிக்கொண்டிருந்திருக்கிறேன். காலை எடுத்தேன். முள் மெதுவாக நகர்ந்து ஐம்பத்தெட்டில் வந்து நின்றது. மற்றவர்களுக்கு நான் நின்ற வாக்கில் பார்த்துவிடுவேன். இவன் மேல் சந்தேகம் கூடக் கூட நான் இன்னும் குனிந்திருக்கிறேன், இவன் எடையும் கூடியிருக்கிறது.

தட்டில் கால் வைத்து அழுத்தியதற்காக என் காலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கடைக்காரர்கள்மேல் வழக்குப் போட்டிருக்கிறேன். "தெரியாம பட்டுடுச்சு சார்" என்று அவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை. அன்று தையல்காரர் முன்னால் என் வாயிலும் அதே வாக்கியம்தான் வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது மச்சான். உங்கள் தங்கை பையனைப் பார்த்து, "உனக்காவது தெரியலையாப்பா, மேலேதானே நிக்கறே?" என்று கேட்டாள். மூன்று வினாடி ஆயிற்று. "முதல் வாரமே பார்த்தேம்மா. சொன்னா சார் சங்கடப்படுவாரேன்னு விட்டுட்டேன்" என்றான். தையல்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

அன்று முழுக்க யோசித்தேன். என் வழக்கு உடைந்துவிட்டது என்று உங்கள் தங்கை நினைக்கிறாள். இல்லை, இப்போதுதான் பலப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு சின்ன எடைக்கல்லைக் கை தவறிப் போட்டால்கூட அந்தத் தெரு முழுக்க ஒரு வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள். எடையில் தப்புப் பிடிக்க வந்தவனே தப்புச் செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தினமும் காலையில் அந்தத் தட்டில் ஏறி நின்று, இரண்டு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்காமல், முகத்தில்கூடக் காட்டாமல் இருக்க மனிதனாகப் பிறந்த எவனால் முடியும்? நீங்களே சொல்லுங்கள், உங்களால் முடிந்திருக்குமா? என்னால் முடிந்திருக்காது.

இதையே அன்று சாயங்காலம் பெண்ணிடம் சொன்னேன். அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிப்பா, வேற கிரகத்துலேருந்து வந்தவராவே இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. சத்தம் போட்டுவிட்டேன். விஷயம் என்னவென்றால், உங்கள் தங்கை உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாள், அடுத்த வருஷம் இவனை மலைமேல் இருக்கும் பெரிய நிலையத்துக்கு மாற்றுகிறார்கள். இங்கிருந்து ஒன்றரை நாள் பயணம். அங்கே செல்போனே வைத்துக்கொள்ளக் கூடாதாம். ஒரு செல்போன் பேசினால் போதுமாம், நட்சத்திரத்திலிருந்து வரும் சத்தம் அமுங்கிவிடுமாம். இவளும் கூடப் போவாள். இப்போது இவள் பேருந்து ஏறினால் ஏறிவிட்டேன் என்று ஒரு தடவை, இறங்கினால் இறங்கிவிட்டேன் என்று ஒரு தடவை எனக்குப் போன் செய்கிறவள். "அங்க போயிட்டா உன் குரலை நான் எப்படிம்மா கேக்கறது?" என்றேன். அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். உங்கள் தங்கை அப்போது மேசையைத் துடைக்கவில்லை. வேறு யாரிடமும் இதை நான் சொல்லமாட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது. போன் எட்டாத இடத்தில் இருப்பவள் பூமியில் இருந்தால் என்ன, வேறு எங்கே இருந்தால் என்ன?

ஆகையால் நீங்கள் வந்ததும் செய்ய வேண்டியவை. பையனைத் தனியே உட்கார வைத்து நன்றாகக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். பள்ளிக்கூடத்தில் யாரிடம் அடி வாங்கினான் என்று கேளுங்கள், எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார். வெங்காயம் நறுக்கச் சொல்லிக் கண்ணைப் பாருங்கள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே பேசுங்கள், அப்போதாவது கோபம் வருகிறதா பார்ப்போம். என்ன பதில் சொன்னாலும் கடைசியில் நீங்கள் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காரணம் கேட்டால் வயது, வேலை, தூரம் என்று ஏதாவது சொல்லுங்கள், வேற்றுக் கிரகம் என்று சொல்லாதீர்கள், சிரிப்பார்கள். நீங்கள் சொன்னால் உங்கள் தங்கை கேட்பாள், பெண்ணும் கேட்பாள். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நோய் நொடியில்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனன்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று சனிக்கிழமை, தபால் போனால் திங்கள் ஆகிவிடும். காலையில் பையன் ஒரு பையோடு கீழே இறங்கி வந்தான். எடை பார்க்கட்டுமா என்று அவனே கேட்டான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மலைக்குப் போகிறானாம். அன்று நான் சத்தம் போட்டது மாடி வரைக்கும் கேட்டிருக்கிறது, காது அப்படிப்பட்ட காது. "சார், அங்க செல்போன்தான் கூடாது. கம்பி போட்ட போன் வைக்கலாம். குடியிருப்பு வரைக்கும் இன்னும் கம்பி இழுக்கல, எழுதிக் கேட்டிருக்கேன். நேர்லயே போய் நின்னு கேட்டுட்டு வந்துடறேன்" என்றான். இந்தத் தடவை மூன்று வினாடி எடுத்துக்கொண்டது நான்தான். அவன் போகிற பேருந்து உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆகையால் இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். மதியம் வந்து சேருவான். வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கள், மெலிந்த உடம்பு, ஐம்பத்தெட்டு கிலோதான். திரும்பி வரும்போதும் உங்களைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், பதிலை அவன் கையிலேயே கொடுங்கள். மேலே நான் கேட்ட "வேண்டாம்" வேண்டாம், "சரி" என்று மட்டும் எழுதினால் போதும். உறையை நான் ஒட்டவில்லை. நீங்களும் ஒட்ட வேண்டாம்.